மாமா கொடுத்த 6 கிலோ வெள்ளி: சீரா, கடனா, பங்கா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊருக்குள் சட்டென்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

அவருடைய அப்பா நடத்திவந்தது கொலுசுப் பட்டறை. 2023 கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு இவர்தான் பார்த்துக்கொள்கிறார். பட்டறையில் 9 பேர் வேலை செய்கிறார்கள். பற்றவைப்பு, மணி கோப்பது போன்ற வேலைகள் பக்கத்துத் தெரு வீடுகளில் கூலிக்கு நடக்கின்றன. 2024 ஜனவரியில், அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, தாய்மாமன் 6 கிலோ வெள்ளிக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, “வச்சுக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றாராம். எழுத்து எதுவும் இல்லை. அதில் 2 கிலோவை மருத்துவச் செலவுக்கு விற்றுவிட்டார். மீதி 4 கிலோ இன்றும் பட்டறையில் சுழல்கிறது.

இப்போது மாமா தன் மகனைப் பாதிப் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். “அன்னைக்கு நான் போட்டது முதல்தானே” என்பது அவர் வாதம். வெளிமாநில வியாபாரிகள் எல்லாரும் மாமா மூலம் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் 3,20,000 ரூபாய் பாக்கியை 5 மாதமாக இழுத்தடிக்கிறார். கேட்கப் போனால், “நம்ம ஆளு, கேட்டுட்டு இருக்காதே” என்று மாமா தடுக்கிறார். பெங்களூரில் இருக்கும் கல்லூரித் தோழியோ, “இங்கே வா, தொழில்முனைவோர் கூட்டங்களுக்கு அழைச்சுட்டுப் போறேன்” என்கிறார்.

வாசகியின் கேள்வி இது: “நம் கலாசாரத்தில் நெட்வொர்க் என்று ஒன்றே கிடையாது, சொந்தமும் சாதியும்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பெங்களூரு போய்விடட்டுமா? எழுத்தில் இல்லாததால் மாமா எதையும் கேட்க முடியாது என்று கணவரின் நண்பர் சொல்கிறார். அது சரியா?”

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது சரியில்லை. வாய்வார்த்தையில் கொடுத்த கடனும் சட்டப்படி கடன்தான். அன்று கூட இருந்தவர்களின் சாட்சியம், அப்புறம் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், விற்ற கடையின் ரசீது எல்லாம் ஆதாரமாகும். பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 2027 ஜனவரி வரை தள்ளிப்போட்டால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். சட்டத்தில் ஒருவேளை தப்பலாம், ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் அதற்கப்புறம் உங்களை நம்பி யாரும் ஒரு கிராம் வெள்ளி தரமாட்டார்கள்.

உங்களிடம் இருப்பதும் நெட்வொர்க்தான்

உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரே நாளில் 6 கிலோ வெள்ளி வந்திருக்கிறது. பற்றவைக்க ஆள் கிடைத்தது, வாங்க வியாபாரி வந்தார், அப்பா படுத்த மாதத்திலும் பட்டறை ஒருநாள் மூடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் 20 ஆண்டு வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்தவன். உங்கள் நிலைமையில் ஒருவர் வந்து கேட்டிருந்தால் காகிதம் நகர்ந்து பணம் கைக்கு வர வாரக்கணக்காகியிருக்கும். உங்களைத் தாங்கிப் பிடித்தது அந்தச் சொந்தக்கார வலைதான்.

ஆனால் அந்த வலையால் எல்லாம் செய்ய முடியாது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்குச் செய்தி வந்தது எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கும் ஆட்களிடமிருந்து. காரணம் எளிது. நெருங்கிய ஆட்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அத்தோடு நிறுத்தினால் உங்கள் தோழி சொல்வதே சரி என்று ஆகிவிடும். சீனாவின் தியான்ஜின் நகரத்தில் 1988-இல் சமூகவியலாளர் யாஞ்சியே பியான் நடத்திய ஆய்வில் படம் வேறுமாதிரி வந்தது. அங்கே அரசுதான் வேலை ஒதுக்கியது. வேலை வாங்கித்தர ஒரு அதிகாரி சலுகை காட்ட வேண்டும், அந்த ஆபத்தை அவர் யாருக்காக எடுப்பார்? நெருங்கிய உறவுக்காகத்தான். ஆகவே புதுச் செய்திக்குத் தூரத்து அறிமுகம் உதவுகிறது, ஒருவர் நமக்காகத் தன் தலையைக் கொடுக்க வேண்டிய இடத்தில் சொந்தம் உதவுகிறது. எந்தத் தொடர்பு எதற்கு உதவும் என்பது அந்த ஊரின் பழக்கத்தையும் அங்கே சட்டமும் வங்கியும் எப்படி இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. உங்களுக்கு ஆபத்தில் தாங்கும் வலை முழுதாக இருக்கிறது. செய்தி கொண்டுவரும் வலைதான் இல்லை. மாமா ஒருவர் வழியாக மட்டும் வெளியுலகம் உங்களுக்குத் தெரிகிறது என்பதே நான் பார்க்கும் பிரச்சினை.

நம்முடைய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வரலாற்றிலும் இது தெரியும். ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் ஒருவரை ஒருவர் அறிந்த அந்த வலைதான் பர்மா, மலாயா, இலங்கை வரை உண்டியலும் (ஊர்விட்டு ஊர் பணம் மாற்றும் சீட்டு) கடனும் ஓடவைத்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, அடமானம் வைத்தவர்கள் கட்ட முடியாமல்போனபோது, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலம் 1937 வாக்கில் 25 விழுக்காட்டை எட்டியது. விரும்பி வாங்கியதல்ல, கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. பிறகு இரண்டாம் உலகப் போரில் கைவிட்டு வரவேண்டியதாயிற்று. ஒரே வலையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடி விழும். வெள்ளி விலை ஏறிய 2025-இல் உங்கள் தெருவில் அதைத்தானே பார்த்தீர்கள்? எல்லாப் பட்டறைக்கும் ஒரே சமயத்தில் முதல் பற்றவில்லை. யாரிடம் கைமாற்றுக் கேட்பது?

அந்த வெள்ளிக்கு ஒரு பெயர் வையுங்கள்

நம்மிடையே தாய்மாமன் கொடுப்பதற்கு மூன்று பெயர் உண்டு. மடியில் உட்காரவைத்துக் காது குத்திய உரிமையில் கொடுத்தால் சீர். திரும்பி வரும் என்று கொடுத்தால் கடன். லாபத்தில் பங்கு கேட்கக் கொடுத்தால் முதல். கொடுக்கும் நேரத்தில் எது என்று கேட்பது மரியாதையில்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு “இது என்ன கணக்கு மாமா?” என்று யாரால் கேட்க முடியும்? “அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்றும் அடங்கியிருந்தது. அன்று அதனால் யாருக்கும் நட்டமில்லை.

அப்புறம் விலை ஏறியது. 2024 ஜனவரியில் கிலோ 75,000 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, 2025 டிசம்பரில் 2 லட்சத்தைத் தாண்டியது. அன்று நாலரை லட்சமாக இருந்த 6 கிலோ, 12 லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் தனக்கு ஒத்துவரும் பெயரை எடுத்துக்கொள்கிறீர்கள். மாமா ‘முதல்’ என்கிறார். நீங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘உதவி’ என்கிறீர்கள். கணவரின் நண்பர் அது எதுவுமே இல்லை என்கிறார். மாமா பேராசைக்காரர் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கொடுத்த பொருள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதைப் பார்த்துவிட்டு ஒரு மனிதர் பேசாமல் இருப்பதுதான் கடினம்.

என் யோசனை இது. பட்டறையில் சுழலும் 4 கிலோவை எடைக் கணக்கில் திருப்புங்கள். பட்டறைத் தொழிலில் கட்டியாகக் கொடுத்ததைக் கட்டியாகவே கணக்கு வைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். விலை ஏற்றத்தின் பலனும் சரக்கின் மதிப்பில் உங்களிடமே வந்திருக்கிறது, ஆகவே எடைக்கு எடை கொடுப்பதில் நீங்கள் இழப்பதில்லை. ஒரேயடியாகக் கொடுத்தால் பட்டறை நின்றுவிடும். மாதம் கால் கிலோ என்றால் 16 மாதத்தில் முடியும். டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் அதுவே சண்டைக்குக் காரணமாகும்.

மருத்துவச் செலவுக்குப் போன 2 கிலோ வேறு. அது தொழிலுக்குள் வரவே இல்லை, ஏற்றத்தின் பலனும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. விற்ற அன்றைய விலையை, ஏறக்குறைய 1,50,000 ரூபாயை, வங்கி வட்டி சேர்த்துக் கொடுப்பது நியாயம். மாமா அதையும் எடையாகவே கேட்டால்? அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். தன் கணவரின் சிகிச்சைக்கு அண்ணன் கொடுத்தது எந்தக் கணக்கு என்று கேட்க முழு உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

ரூபாயைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்குவதும் திருப்புவதும் கூடாது. பேசி முடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள்: 3 ஆண்டு கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். இது மாமாவுக்குப் பாதுகாப்பு. நீங்கள் நேர்மையாகத் தரப்போகிறவர் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளமும் இல்லை.

வங்கியில் நான் பார்த்தவற்றில் மறக்காதது ஒன்று. ஒருவர் கடன் கேட்டு வந்தார், நல்ல தொழில். கணக்கில் ‘உறவினர் – 4,00,000’ என்று ஒரு வரி. யார், எப்போது, வட்டி உண்டா, பங்கு உண்டா என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அந்த ஒரு வரியால் கடன் நின்றுபோனது. பெயர் வைக்காத சொந்தக்காரப் பணம் வெளியிலிருந்து வரும் பணத்தையும் தடுத்துவிடும்.

பாதிப் பங்கு வேண்டாம்

கடன் கொடுத்ததாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார். கூட்டு என்பது ஒப்பந்தத்தால் வருவது, அப்படி எதற்கும் நீங்கள் சம்மதிக்கவில்லை. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கும் கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. பாதிக்குப் பாதி என்றால் கருத்து வேறுபடும்போது முடிவெடுக்க ஆளே இல்லை. குடும்பத்துக்குள் முடங்கிய பட்டறைகளில் பலவற்றை இந்த 50-50 தான் முடக்கியது.

ஆனால் மாமா மகனை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். அவருக்கு இந்தி வரும், வியாபாரிகளோடு பழக்கம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பனைக்குக் கமிஷன் அடிப்படையில் ஓர் ஆண்டு வைத்துப் பாருங்கள். அது நன்றாகப் போய், கூட்டுச் சேரலாம் என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. இன்னொன்று, பட்டறையின் ஜிஎஸ்டி பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உங்கள் பெயரில் தொழிலே இல்லாமல் பங்கைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

அந்த 3,20,000

உங்களுக்குச் சட்டத்தில் நல்ல பிடி இருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வசூலுக்குத் தனி மன்றமும் இருக்கிறது. உத்யம் பதிவு இலவசம். இன்றுவரை செய்யவில்லையென்றால் உடனே செய்யுங்கள், ஆனால் பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது சிரமம்.

உரிமை இருக்கிறது என்பதற்காக நாளைக்கே புகார் கொடுக்கச் சொல்லமாட்டேன். மாமா அறிமுகம் செய்த ஆள் என்பதால் பாக்கிக்கு மாமாவின் முகமும் பிணை என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அதை அவரிடமே சொல்லுங்கள்: “மாமா, உங்க வார்த்தைக்குத்தான் சரக்கு அனுப்பினேன். அவர்கிட்ட நீங்க பேசறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?” ஒரு மாதம் பாருங்கள். வராவிட்டால் தேதி போட்டு, பில் எண்ணோடு வியாபாரிக்கு எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகும் அசையாதவர் ‘நம்ம ஆளு’ இல்லை.

பெங்களூரு பற்றி

போய்வாருங்கள், குடிபெயர வேண்டாம். அங்கே நடக்கும் கூட்டங்கள் பிறப்பைக் கேட்பதில்லை என்பது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கல்லூரி, முன்பு எந்த நிறுவனம், ஆங்கிலம் எப்படி என்பதெல்லாம் அங்கேயும் வேலி. அங்கே உங்களுக்கு வெள்ளி தர ஒரு மாமா இல்லை. அங்கே போனால் நீங்கள் கேட்டு வரவேண்டியது புதுச் செய்தி: எந்த வடிவம் போகிறது, யார் நேரடியாக வாங்குகிறார்கள், எடை குறைந்த கொலுசுக்கு என்ன விலை நிற்கிறது.

சேலத்துக்குள்ளேயே சொந்தம் தாண்டிய வலை கட்டிய முன்னுதாரணம் உண்டு. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் வியாபாரிகளின் கையையே எதிர்பார்த்திருந்த நிலையை மாற்ற 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவைப் பதிவு செய்தார்கள். சரக்கைக் கிடங்கில் வைத்து முன்பணம் வாங்கலாம், விற்பனை ரகசிய டெண்டரில். பக்கத்துத் தருமபுரியில் 1989-இல் தொடங்கி நம் மாவட்டத்துக்கும் வந்த மகளிர் சுய உதவிக் குழுக்களும் அப்படித்தான்.

மாலையில் டீக்கடையில் ஆண்கள் பேசும் பேச்சில்தான் எல்லாச் செய்தியும் இருக்கிறது, நான் அங்கே போய் நிற்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்கு வலித்தது. அந்தக் கடையை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் தொழில்காரர்களின் சங்கத்தில் உங்கள் பெயரில் உறுப்பினராகுங்கள், சந்தாவை அப்பா பெயரில் கட்டாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். உங்களுக்கு மணி கோக்கும் பெண்கள் எத்தனை பட்டறைக்கு வேலை செய்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? எந்த வடிவத்துக்கு எவ்வளவு ஆர்டர் வருகிறது என்று டீக்கடைக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரியும். கூலி கொடுக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், கேட்டதற்கு நன்றியாகக் கூலியும் தாமதமில்லாமல் கொடுங்கள்.

ஹால்மார்க் என்ற தர முத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது, இப்போதைக்கு விருப்பப்பட்டவர்களுக்கு. இதுவரை ‘இன்னார் வீட்டுச் சரக்கு’ என்பதுதான் உங்கள் தரச் சான்று. அது மாமாவைத் தெரிந்தவரிடம்தான் செல்லும். முத்திரை இருந்தால் உங்களையும் மாமாவையும் தெரியாத ஒருவர் போன் திரையில் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குவார்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் கல்யாண மொய் நோட்டை எடுங்கள். பக்கத்தில் போனில் கடந்த மூன்று மாத அழைப்புப் பட்டியலை வையுங்கள். நோட்டில் ‘சிவதாபுரம், பாலிஷ் கடை, 501’ என்பதுபோல் இருக்கும் பெயர்களில், நீங்கள் ஒருமுறைகூட அழைக்காதவர்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்பாவின் தொழில் நண்பர்கள், அம்மாவின் தோழிகளின் மருமகன்கள், முன்பு வேலை செய்து வெளியூர் போனவர்கள் என்று முப்பது பேராவது தேறுவார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் அந்நியர் இல்லை, மாமாவின் ஆட்களும் இல்லை. வாரம் இருவரிடம் பேசினால் போதும். உதவி கேட்காதீர்கள், அப்பாவின் உடல்நிலையைச் சொல்லி, பட்டறையை நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாமாவிடம் பேசப் போகும் முன், அந்த 2 கிலோவை விற்ற ரசீதைத் தேடி எடுத்துவிடுங்கள். அப்பாவின் மேசையிலோ மருத்துவமனைப் பில்களோடோ இருக்கும். விற்ற தேதியும் அன்றைய விலையும் அதில்தான் இருக்கின்றன.